அடுத்தடுத்த வெல்டுகளுக்கு இடையே எத்தனை மி.மீ. வேண்டும்? பைப்பிங் வேலைக்கான முழு வழிகாட்டி

இரண்டு எல்போக்களுக்கு (வளைந்த ஃபிட்டிங்குகளுக்கு) நடுவே 36 மி.மீ. நீளத்தில் ஒரு பைப் துண்டு. ஃபிட்டர் டேக் (தற்காலிகப் புள்ளி வெல்டு) போட்டு முடித்துவிட்டார். க்யூசி (தரக் கட்டுப்பாட்டாளர்) வந்து, "இது செல்லாது, வெல்டுகள் ரொம்பக் கிட்ட இருக்கின்றன" என்கிறார். "எந்தக் கோடில் (விதிநூலில்) அப்படி எழுதியிருக்கிறது, காட்டுங்கள்" என்கிறார் சூப்பர்வைசர். இருவர் பேச்சிலும் பாதி நியாயம் இருக்கிறது. பிராசஸ் பைப்பிங்கை ஆளும் ஏஎஸ்எம்இ பி31.3, இரண்டு கர்த் வெல்டுகளுக்கு (பைப்பைச் சுற்றிப் போடும் வெல்டுகளுக்கு) நடுவே குறைந்தபட்சம் இத்தனை மி.மீ. இருக்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. பவர் பைப்பிங்குக்கான பி31.1-லும் அப்படி ஓர் எண் கிடையாது. அதற்காக 36 மி.மீ. துண்டு சரி என்று ஆகிவிடாது.

நடைமுறையில் புழங்கும் எண்கள் கம்பெனிகளின் புராஜெக்ட் ஸ்பெசிஃபிகேஷனிலிருந்து வருகின்றன. தடிமனைப்போல் 4 மடங்கு, அல்லது 25 மி.மீ., அல்லது 50 மி.மீ., அல்லது பைப்பின் ஒரு விட்டம் என்று ஆளுக்கொரு கணக்கு வைத்திருப்பார்கள். சிலர் "இவற்றில் எது பெரியதோ அது" என்று முடிச்சுப் போட்டிருப்பார்கள். உங்கள் புராஜெக்டில் அப்படி ஓர் எண் இருந்தால் அதுதான் சட்டம், மேற்கொண்டு விவாதம் வேண்டாம். எண் இல்லாதபோதும், விலக்குக் கேட்க வேண்டியிருக்கும்போதும் கீழே உள்ள கணக்கு உதவும். கார்பன் ஸ்டீல் பைப்பை, குறிப்பாக 6 அங்குலம் ஷெட்யூல் 40-ஐ (ஷெட்யூல் என்பது சுவர்த் தடிமன் வகை) உதாரணமாக வைத்துக்கொள்கிறோம். வெளிவிட்டம் 168.3 மி.மீ., தடிமன் 7.11 மி.மீ.

படி 1: எங்கிருந்து எங்கே அளக்கிறீர்கள் என்று முடிவுசெய்யுங்கள்

சண்டை பாதி இங்கேதான் தொடங்குகிறது. ஒருவர் வெல்டின் நடுக்கோட்டிலிருந்து அடுத்த நடுக்கோடு வரை அளப்பார். இன்னொருவர் டோவிலிருந்து டோ வரை, அதாவது கேப்பிங்கின் (வெல்டின் மேல் அடுக்கின்) ஓரத்திலிருந்து அடுத்த கேப்பிங்கின் ஓரம் வரை அளப்பார். மூன்றாமவர் வெட்டிய துண்டின் நீளத்தையே தூரம் என்பார்.

மேலே சொன்ன 36 மி.மீ. துண்டையே எடுத்துக்கொள்வோம். பீவல் (முனையின் சாய்வு வெட்டு) 37.5 டிகிரி, ரூட் ஃபேஸ் (அடியில் சாய்க்காமல் விடும் விளிம்பு) 1.6 மி.மீ., ரூட் இடைவெளி (இரு முனைகளுக்கு நடுவே அடியில் விடும் சந்து) 3 மி.மீ. பீவலின் மேல்வாய் அகலம் சுமார் 11.5 மி.மீ. வரும். கேப்பிங் இரு பக்கமும் ஒன்றரை மி.மீ. ஏறினால் 14 மி.மீ.யைத் தாண்டும். நடுக்கோட்டிலிருந்து நடுக்கோடு 36 + 3 = 39 மி.மீ. அதில் ஒரு கேப்பிங் அகலத்தைக் கழித்தால் டோவிலிருந்து டோ 25 மி.மீ.தான். 4 மடங்கு தடிமன் என்றால் 28.4 மி.மீ. ஆக, ஒரே துண்டு நடுக்கோட்டுக் கணக்கில் பாஸ், டோ கணக்கில் ஃபெயில். ஸ்பெசிஃபிகேஷனில் எது என்று தெளிவாக இல்லையென்றால், வெட்டுவதற்கு முன்பே டெக்னிக்கல் க்வெரி போட்டு எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள். எழுத்தில் எதுவும் இல்லாதவரை டோவிலிருந்து டோ என்று எடுத்துக்கொள்வது நல்லது. பின்னால் யு.டி. (மீயொலிச் சோதனை) புரோபை வைக்க மிஞ்சுவது அந்த இடம்தான்.

எல்போவில் எப்போதும் உள்வளைவில் அளக்க வேண்டும். 6 அங்குல லாங் ரேடியஸ் எல்போவை 22.5 டிகிரியாக வெட்டினால் நடுக்கோட்டில் 90 மி.மீ., வெளிவளைவில் 123 மி.மீ. கிடைக்கும். உள்வளைவில் 57 மி.மீ.தான். வெளிவளைவில் டேப் வைத்துவிட்டு "தாராளமாக இருக்கிறது" என்று சொன்ன ஸ்பூல்கள் (முன்பே வெல்டு செய்து சேர்த்த பைப் தொகுதிகள்) நிறைய உண்டு.

படி 2: தூரம் எதற்காக வேண்டும் என்று புரிந்துகொள்ளுங்கள்

சைட்டில் யாரைக் கேட்டாலும், "இரண்டு வெப்பத் தாக்க மண்டலங்களும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்துவிடும்" என்பார்கள். சாதாரண ஆர்க் வெல்டிங்கில் அந்த மண்டலம் டோவிலிருந்து சில மி.மீ. அளவுதான். 25 மி.மீ. தள்ளி இருக்கும் வெல்டை அது தொடுவதே இல்லை. தொட்டாலும் என்ன? ஒரே ஜாயிண்டுக்குள் ஒவ்வொரு பாஸும் முந்தைய பாஸின் மண்டலத்தின்மேல்தானே ஏறுகிறது? உண்மைக் காரணங்கள் வேறு.

முதலாவது ஸ்ட்ரெஸ். கர்த் வெல்டு ஆறும்போது சுற்றளவில் சுருங்கி, அரைஞாண் கயிற்றை இறுக்கிக் கட்டியதுபோல் பைப்பை உள்ளே இழுக்கும். அந்த வளைவு இரு பக்கமும் பரவித் தேயும். எவ்வளவு தூரத்தில் தேயும் என்பதைத் தடிமன் மட்டும் முடிவுசெய்வதில்லை; ஆரம், தடிமன் இரண்டின் பெருக்கத்தின் வர்க்கமூலம் முடிவுசெய்கிறது. மெல்லிய உருளைக்கான கணக்குப்படி, ஒரு √(ஆரம் × தடிமன்) தூரம் போனால் வளைவின் வீச்சு சுமார் 28 சதவீதமாகக் குறையும். 2.5 மடங்கு போனால் 4 சதவீதம்தான் மிஞ்சும். பி31.3-ல் மைட்டர் பெண்ட் (பைப்பைச் சாய்வாக வெட்டிச் சேர்த்த வளைவு) பகுதியில் வரும் 2.5 × √(ஆரம் × தடிமன்) இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது. கோட் நேரடியாக எண் தராத நம் கேள்விக்கு அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

6 அங்குல பைப்புக்குச் சராசரி ஆரம் 80.6 மி.மீ. 7.11-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 23.9. அதை 2.5-ஆல் பெருக்கினால் 60 மி.மீ. 4 மடங்கு தடிமனோ 28.4 மி.மீ. அந்தத் தூரத்தில் முதல் வெல்டின் வளைவு இன்னும் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் இருக்கிறது.

ஒரு விஷயத்தை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். ஸ்ட்ரெஸ் ரிலீவிங் (வெல்டைச் சூடாக்கி ஸ்ட்ரெஸைக் குறைப்பது) செய்யாத வெல்டில் எஞ்சிய ஸ்ட்ரெஸ் ஏற்கெனவே யீல்டை (எஃகு நிரந்தரமாக நெளியத் தொடங்கும் அளவை) ஒட்டித்தான் நிற்கும். பக்கத்தில் இன்னொரு வெல்டு வந்தால் அது இரட்டிப்பாகாது. அதனால் 30 மி.மீ. துண்டு போட்ட லைன் எல்லாம் வெடித்துவிடும் என்று பயமுறுத்துவதில் அர்த்தமில்லை. அப்படிப்பட்ட லைன்கள் பல வருடமாக ஓடிக்கொண்டிருக்கின்றன. நிஜமான கெடுதல், இரண்டு ஜாயிண்டின் ஹை-லோவும் (சுவர்கள் ஏறி இறங்கி நிற்பதும்) கோணல்களும் ஒரே இடத்தில் சேர்வது. முதல் வெல்டு இழுத்த கோணலை இரண்டாவது ஜாயிண்டில் வளைத்துப் பிடித்து டேக் போடுகிறார்கள், அந்த வளைவு தேய இடமே இல்லை. வைப்ரேஷன் உள்ள லைனிலும் அடிக்கடி சூடாகிக் குளிரும் லைனிலும் ஃபேட்டிக் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

இரண்டாவது காரணம் சோதனை. மூன்றாவது ஸ்ட்ரெஸ் ரிலீவிங். நான்காவது, கிளாம்பும் கையும் நுழைய இடம். இவை தனித்தனிப் படிகளாகக் கீழே வருகின்றன.

படி 3: உங்கள் சைஸுக்குக் கணக்குப் போடுங்கள்

ஷெட்யூல் 40 பைப்புகளுக்கு (12 அங்குலத்துக்கு மட்டும் ஸ்டாண்டர்ட் தடிமன்) முதல் எண் 4 மடங்கு தடிமன், இரண்டாவது 2.5 × √(சராசரி ஆரம் × தடிமன்):

2 அங்குலம், 3.91 மி.மீ. தடிமன்: 16 மி.மீ. / 26 மி.மீ.
4 அங்குலம், 6.02 மி.மீ.: 24 / 45
6 அங்குலம், 7.11 மி.மீ.: 28 / 60
8 அங்குலம், 8.18 மி.மீ.: 33 / 73
10 அங்குலம், 9.27 மி.மீ.: 37 / 87
12 அங்குலம், 9.53 மி.மீ.: 38 / 97

சைஸ் ஏற ஏற இரண்டு எண்களும் விலகிப் போவதைக் கவனியுங்கள். 10 அங்குலத்திலிருந்து 12-க்குப் போகும்போது தடிமன் கால் மி.மீ.தான் கூடுகிறது, அதனால் 4 மடங்குக் கணக்கு நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஆரத்தைச் சேர்த்த கணக்கு 10 மி.மீ. ஏறுகிறது. பெரிய விட்டம், மெல்லிய சுவர் உள்ள பைப்புக்கு 4 மடங்கு தடிமன் விதி மிகவும் தளர்வானது என்பது இதிலிருந்து தெரியும்.

ஸ்பெசிஃபிகேஷனில் எண் இல்லாத வேலைக்கு எங்கள் பரிந்துரை: டிராயிங் கட்டத்தில் ஒரு விட்டம், அல்லது 150 மி.மீ., இரண்டில் எது சிறியதோ அதைக் குறிவையுங்கள். 2.5 மடங்குக் கணக்கைத் தரைமட்டமாக வையுங்கள். அதற்குக் கீழே போனால் ஒவ்வொரு ஜாயிண்டுக்கும் தனி அனுமதி. 4 மடங்கு தடிமனுக்குக் கீழே வேண்டவே வேண்டாம்.

இந்தத் தூரம் பைப் துண்டுக்கு மட்டும்தான். ஃபிட்டிங்கோடு ஃபிட்டிங் நேரடியாகச் சேர்வதில் தவறில்லை. 6 அங்குல லாங் ரேடியஸ் 90 டிகிரி எல்போவின் உள்வளைவே 227 மி.மீ. நீளம். 2 அங்குல ஷார்ட் ரேடியஸில் அது 33 மி.மீ.யாகச் சுருங்கினாலும் தரைமட்டத்துக்கு மேலேயே இருக்கிறது. பிரச்சினை வெட்டிய எல்போவிலும் பப் பீஸ் எனும் குட்டைத் துண்டிலும்தான் வரும்.

படி 4: ஐசோமெட்ரிக்கிலேயே குட்டைத் துண்டுகளைத் தேடுங்கள்

பொருள் வெட்டிய பிறகு எல்லாத் தீர்வும் செலவு பிடிக்கும். டிராயிங்கில் ஒரு கோட்டை நகர்த்த ஐந்து நிமிடம் போதும். ஒவ்வொரு ஐசோவிலும் (ஐசோமெட்ரிக் டிராயிங்கிலும்) கட் லிஸ்டைப் பாருங்கள். ஒரு விட்டத்துக்குக் குறைவான துண்டு எதுவாயினும் வட்டமிடுங்கள்.

36 மி.மீ. துண்டு எப்படிப் பிறந்தது என்று பாருங்கள். இரண்டு இணை லைன்களுக்கு நடுவே 500 மி.மீ. ஆஃப்செட். இரண்டு லாங் ரேடியஸ் எல்போ, ஒவ்வொன்றும் 229 மி.மீ., மொத்தம் 458. மிஞ்சியது 42. இரண்டு ரூட் இடைவெளிக்கு 6 போனால் 36. இதைத் தீர்க்க நான்கு வழிகள் உண்டு.

முதல் வழி, துண்டையே எடுத்துவிட்டு எல்போவோடு எல்போவைச் சேர்ப்பது. ஆஃப்செட் 461 மி.மீ. ஆகும். ஒரு வெல்டு மிச்சம், ஒரு எக்ஸ்ரே மிச்சம். லைனை 39 மி.மீ. நகர்த்த சப்போர்ட்டும் நாசிலும் (கருவியின் இணைப்பு வாயும்) இடம் கொடுக்குமா என்பதுதான் கேள்வி. பைப் ரேக்கில் பெரும்பாலும் கொடுக்கும்.

இரண்டாவது, ஓர் எல்போவை ஷார்ட் ரேடியஸாக மாற்றுவது. அது 152 மி.மீ.தான், எனவே துண்டு 113 மி.மீ. ஆகிவிடும். ஆனால் ஷார்ட் ரேடியஸில் அழுத்த இழப்பு கூடும், அரிப்பும் கூடும், ஸ்ட்ரெஸ் கணக்கும் மாறும். ஸ்ட்ரெஸ் இன்ஜினியரிடம் சொல்லாமல் மாற்றக்கூடாது. ஸ்லரி லைனில் இந்த வழியை எடுக்கவே வேண்டாம்.

மூன்றாவது, இரண்டு 45 டிகிரி எல்போ வைத்துச் சாய்வாகப் போவது. சாய்வின் நீளம் 707 மி.மீ. எல்போவுக்குத் தலா 95 மி.மீ., ரூட் இடைவெளி 6 மி.மீ. கழித்தால் 511 மி.மீ. துண்டு கிடைக்கும். லைன் ஓடும் திசையில் ஏறக்குறைய 700 மி.மீ. காலியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அழுத்த இழப்பும் குறையும். இடம் இருந்தால் எங்கள் ஓட்டு இதற்கே.

நான்காவது, அப்படியே ஏற்றுக்கொண்டு, இரண்டு ஜாயிண்டுக்கும் 100 சதவீத ஆர்.டி. (ரேடியோகிராஃபி) எடுத்து, டிசைனரின் எழுத்து அனுமதியோடு போவது. கடைசிக் கதவு இது.

ஸ்லிப்-ஆன் ஃபிளாஞ்சையும் இந்தப் படியிலேயே பிடித்துவிடுங்கள். வெல்டு நெக் ஃபிளாஞ்ச் எல்போவோடு நேரடியாகச் சேரும். ஸ்லிப்-ஆன் சேராது, உள்ளே நுழைய ஒரு பைப் துண்டு வேண்டும். அந்தத் துண்டில் எல்போ பக்கம் ஒரு பட் வெல்டு (முனையோடு முனை), ஃபிளாஞ்சுக்கு இரண்டு ஃபில்லட் (மூலை வெல்டு) என்று மூன்று வெல்டு நெருங்கிவிடும். ஃபிளாஞ்சின் விலையில் மிச்சம் பிடித்ததை வெல்டில் விட்டுவிடுவீர்கள்.

படி 5: ஃபீல்டு வெல்டுக்குக் கூடுதல் நீளம் விடுங்கள்

குட்டைத் துண்டுகளில் பெரும்பாலானவை டிராயிங்கில் பிறப்பதில்லை, எரெக்‌ஷனில்தான் பிறக்கின்றன. ஸ்பூல் வருகிறது, நாசிலுக்கு 25 மி.மீ. எட்டவில்லை. ஒரு வளையம் வெட்டி நடுவில் செருகிவிடுகிறார்கள். அதைவிட மோசமானது, செயின் பிளாக் போட்டு இழுத்துச் சேர்ப்பது. அந்த இழுவை முழுவதும் பம்ப் நாசிலில் போய் உட்காரும்.

இதைத் தவிர்க்க, ஃபீல்டு ஃபிட்டப் வெல்டு வரும் முனையில் 100 முதல் 150 மி.மீ. கூடுதல் நீளம் விட்டு, பீவல் போடாமல் ஸ்பூலை அனுப்புங்கள். சைட்டில் அளந்து வெட்டிக்கொள்வார்கள்.

ஏற்கெனவே குறைந்துவிட்டதா? 25 மி.மீ. குறைந்தால் 25 மி.மீ. வளையம் போடாதீர்கள். பைப்பை இன்னும் 150 மி.மீ. உள்ளே வெட்டுங்கள். குறைவு 25, பழைய ரூட் இடைவெளி 3, புதிதாக வெட்டியது 150, மொத்தத் திறப்பு 178. இரண்டு ரூட் இடைவெளிக்கு 6 போக 172 மி.மீ. துண்டு. வளையம் போட்டாலும் இரண்டு வெல்டுதான், இதிலும் இரண்டு வெல்டுதான். கூடுதல் செலவு ஒரு சாண் பைப். நல்ல பைப்பை வெட்ட ஃபிட்டருக்கு மனசு வராது என்பது வேறு விஷயம்.

புதிய துண்டுக்கு ஹீட் நம்பர் (உருக்குத் தொகுதி எண்) மாற்றிப் பதிவது பலரும் மறக்கும் வேலை. நீண்ட பைப்பில் முனையில் மட்டும் இருக்கும் எண், நடுவிலிருந்து வெட்டிய துண்டில் இருக்காது. வெட்டுவதற்கு முன்பே எண்ணைத் துண்டின்மேல் எழுதி, இன்ஸ்பெக்டரிடம் காட்டுங்கள். அலாய் என்றால் பிஎம்ஐ (பொருளின் கலவைச் சோதனை) செய்யுங்கள். இந்தியாவில் 1950-ஆம் ஆண்டின் பாய்லர் ஒழுங்குவிதிகளின் கீழ் வரும் நீராவி லைன் என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஒவ்வொரு துண்டும் பைப்புக்கான சான்றிதழான படிவம் 3-ஏவோடு கண்ணி அறாமல் சேர வேண்டும், அனுமதி பெற்ற டிராயிங்கில் இல்லாத வெல்டைப் பிறகு நுழைக்கவும் முடியாது.

படி 6: சோதனைக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள்

யு.டி. செய்யப்போகும் ஜாயிண்டுக்கு இந்தக் கணக்கு கட்டாயம். 70 டிகிரி புரோபின் ஒரு முழு ஸ்கிப் (பீம் அடிச்சுவரில் பட்டு மேற்பரப்புக்குத் திரும்பும் தூரம்) என்பது தடிமனைப்போல் சுமார் 5.5 மடங்கு. 7.11 மி.மீ. சுவருக்கு 39 மி.மீ. கேப்பிங்கின் இரு ஓரமும் பீமுக்குள் வர வேண்டுமென்றால் புரோபின் பீம் புள்ளி வெல்டு நடுவிலிருந்து 32 முதல் 46 மி.மீ. வரை முன்னும் பின்னும் நகர வேண்டும். அதற்குப் பின்னால் புரோபின் வால் பகுதிக்கு 12 முதல் 15 மி.மீ. ஆக, நடுக்கோட்டிலிருந்து சுமார் 60 மி.மீ. வழுவழுப்பான பரப்பு தேவை.

ஸ்ட்ரெஸ் கணக்கில் வந்ததும் 60, இங்கே வருவதும் 60. இந்த சைஸில் அப்படிப் பொருந்துகிறது. 4 அங்குலத்தில் யு.டி.க்கு 54 மி.மீ.யும் ஸ்ட்ரெஸுக்கு 45 மி.மீ.யும் வரும், அங்கே சோதனைதான் முடிவுசெய்யும். நம் 36 மி.மீ. துண்டில் அடுத்த கேப்பிங் 32 மி.மீ.யிலேயே தொடங்கிவிடுகிறது. துண்டின் பக்கமிருந்து யு.டி. செய்யவே முடியாது. மறுபக்கம் எல்போவின் வளைவு. எனவே ஆர்.டி. தவிர வேறு வழியில்லை.

ஆர்.டி.யிலும் சின்னத் தலைவலி உண்டு. பக்கத்து வெல்டும் அதே ஃபிலிமில் விழும், சோர்ஸ் பக்கச் சுவரிலுள்ள வெல்டின் நிழல் மங்கலான பட்டையாகக் குறுக்கே வரலாம். அதைக் குறை என்று எடுத்துக்கொண்டு நல்ல ஜாயிண்டை வெட்டியவர்களும் உண்டு, நிழலுக்குள் ஒளிந்த குறையை விட்டவர்களும் உண்டு. இரண்டு ஜாயிண்டையும் ஒரே ஷாட்டில் எடுத்துக் கணக்கை முடிக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் தனி ஷாட், தனி ஐக்யூஐ (படத்தின் தரம் காட்டும் அடையாளம்), தனி ஜாயிண்ட் நம்பர்.

படி 7: குட்டைத் துண்டைத் தவிர்க்க முடியாதபோது வெல்டு செய்யும் முறை

வழக்கமான தவறு: 36 மி.மீ. துண்டைத் தனியாக வெட்டி, இரு முனையும் பீவல் போட்டு, இரண்டு எல்போக்களுக்கு நடுவே பிடித்து, இரண்டு ஜாயிண்டையும் ஒன்றாக டேக் போடுவது. துண்டைப் பிடிக்கக் கிளாம்புக்கு இடமில்லை. வெட்டும்போதே சூட்டில் அது கொஞ்சம் நெளிந்திருக்கும். ஹை-லோ இரண்டு பக்கமும் கூடும்.

சரியான வரிசை இது. துண்டைக் குட்டையாக வெட்டவே வேண்டாம். 300 மி.மீ. நீளமுள்ள பைப்பை முதல் எல்போவோடு சேர்த்து முழுமையாக வெல்டு செய்யுங்கள். கிளாம்ப் நன்றாகப் பிடிக்கும், நிலையும் சரிபார்க்கலாம். ஆறவிடுங்கள். ஆர்.டி. எடுத்துப் பாஸ் ஆகட்டும். அதற்குப் பிறகு, வெல்டு சுருங்கி முடிந்த நிலையில், நடுக்கோட்டிலிருந்து அளந்து குட்டையாக வெட்டிப் பீவல் போடுங்கள். ஒவ்வொரு பட் வெல்டும் நீளவாக்கில் 1 முதல் 3 மி.மீ. வரை சுருங்கும், அந்த வித்தியாசம் வெட்டிலேயே சரியாகிவிடும். முதல் ஜாயிண்டில் குறை வந்தாலும் இரண்டாவது போடுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

இதில் ஒரு தடை உண்டு. உள்ளே மேண்ட்ரல் பிடிக்கும் பீவலிங் மெஷினுக்கு நேரான பகுதி வேண்டும். 36 மி.மீ.க்குப் பிறகு எல்போ வளையத் தொடங்கிவிடுவதால் மேண்ட்ரல் உட்காராமல் போகலாம். வெளியே பிடிக்கும் கிளாம்ஷெல் வகையை முன்பே ஏற்பாடு செய்யுங்கள், அல்லது வெட்டிவிட்டுக் கிரைண்டரில் பொறுமையாகப் பீவல் போடுங்கள்.

இரண்டாவது ஜாயிண்டுக்குக் கேப்பிங்கை அகலமாக ஓட்டாதீர்கள். ஒவ்வொரு மி.மீ. அகலமும் டோ தூரத்தைத் தின்னும். நீளமான ஸீம் (நீளவாக்கு வெல்டு) உள்ள பைப் என்றால் துண்டின் ஸீமையும் இரு பக்க ஸீம்களையும் விலக்கி வையுங்கள்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கவனம் இரட்டிப்பு. அது கார்பன் ஸ்டீலைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரியும், வெப்பத்தைக் கடத்துவதோ மூன்றில் ஒரு பங்குதான். குட்டைத் துண்டில் சூடு வெளியேற வழியில்லாமல் தேங்கும், இன்டர்பாஸ் வெப்பநிலை (அடுத்த பாஸ் போடும் முன் இருக்கும் சூடு) நினைத்ததைவிடச் சீக்கிரம் டபிள்யூபிஎஸ் (வெல்டிங் செய்முறை ஆவணம்) வரம்பைத் தொடும். கான்டாக்ட் பைரோமீட்டர் இல்லாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள். 304 போன்ற கிரேடில் இப்படித் தேங்கும் சூடு சென்சிடைசேஷனில் (அரிப்பைத் தாங்கும் சக்தி குறைவதில்) போய் முடியும், குளோரைடு உள்ள சூழலில் எஞ்சிய ஸ்ட்ரெஸும் சேர்ந்து விரிசலாக வெளிவரும்.

படி 8: ஸ்ட்ரெஸ் ரிலீவிங் உள்ள லைன்

தனித்தனியாக வெப்பமூட்டும்போது வெல்டும் அதற்கு இரு பக்கமும் குறைந்தது 25 மி.மீ.யும் குறித்த வெப்பநிலையில் நிற்க வேண்டும், அதற்கப்பால் மெல்லக் குறைந்துகொண்டே போக வேண்டும் என்பது பி31.3-ல் நெடுநாளாக உள்ள விதி. ஹீட்டர் பேடும் இன்சுலேஷனும் அதைவிட வெகுதூரம் விரியும். பக்கத்து வெல்டு அந்தச் சரிவின் நடுவில் மாட்டிக்கொள்வதுதான் மோசம். ஒரு பாதி சூடு, மறுபாதி குளிர்ச்சி என்றால் பழைய ஸ்ட்ரெஸ் போய்ப் புதிய ஸ்ட்ரெஸ் வந்து உட்காரும்.

எனவே இரண்டு வெல்டும் நெருக்கமாக இருந்தால் இரண்டையும் முடித்துவிட்டு ஒரே பேண்டுக்குள் வைத்துச் சேர்த்து வெப்பமூட்டுங்கள். தெர்மோகப்பிள் இரண்டு வெல்டிலும் தனித்தனியாக வேண்டும். பி91 (குரோமியம் கலந்த அலாய் ஸ்டீல்) போன்ற பொருளில் முதல் வெல்டைச் சூடு இறக்கிவிட்டு நாள்கணக்கில் காத்திருக்கக் கூடாது. இடைவெளி வந்தால் ஹைட்ரஜன் வெளியேற்றும் சூடு கொடுத்து, ஈரம் படாமல் வையுங்கள். இரண்டு தடவை தனித்தனியாக வெப்பமூட்டினால் முதல் வெல்டு வெப்பநிலையில் நின்ற மொத்த நேரம் பிக்யூஆர் (வெல்டிங் முறையைச் சோதித்த பதிவு) தாங்கும் அளவுக்குள் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

படி 9: ஸீம், பிராஞ்ச், பேட்

நீளவாட்டு ஸீம்களைப் பற்றிப் பலரும் சொல்லும் 5 மடங்கு தடிமன், ஏஎஸ்எம்இ செக்‌ஷன் 8 டிவிஷன் 1-ல் வெசல்களுக்காக (அழுத்தக் கலன்களுக்காக) எழுதப்பட்டது. அடுத்தடுத்த ஷெல்களின் ஸீம் நடுக்கோடுகள், தடித்த தகட்டின் தடிமனைப்போல் 5 மடங்காவது விலக வேண்டும். வெட்டும் இடத்தின் இரு பக்கமும் 100 மி.மீ. ஸீமை ரேடியோகிராஃப் செய்தால் அதற்கும் விலக்கு உண்டு. பைப் ஸ்பெசிஃபிகேஷன்கள் அதை அப்படியே கடன் வாங்கியிருக்கின்றன. 24 அங்குலம், 9.53 மி.மீ. பைப்பில் 5 மடங்கு என்பது 48 மி.மீ., சுற்றளவில் 9 டிகிரிதான். அதற்குள் கஞ்சத்தனம் பார்க்க வேண்டியதில்லை. ஒரு பைப்பின் ஸீமை உச்சியிலிருந்து இடப்பக்கம் 45 டிகிரியிலும் அடுத்ததை வலப்பக்கம் 45 டிகிரியிலும் வையுங்கள். தண்ணீர் தேங்கும் அடிப்பகுதியிலும் ஸீம் வராது, ஷூ (பைப்பின் அடித்தாங்கி) வரும் இடத்திலும் வராது. கர்த் வெல்டை ரேடியோகிராஃப் செய்யும்போது அதில் வந்து முட்டும் ஸீமிலும் 38 மி.மீ.யாவது பார்க்க வேண்டும் என்று பி31.3 சொல்கிறது, ஃபிலிம் வைக்கும்போதே அதைக் கணக்கில் எடுங்கள்.

பிராஞ்ச் விஷயத்தில் கோட் எண் தருகிறது. வலுவூட்டும் மண்டலத்தின் அரை அகலம் சாதாரணமாகத் துளையின் விட்டம் அளவு வரும். 8 அங்குல ஹெடரில் (முதன்மை பைப்பில்) 4 அங்குலம் ஷெட்யூல் 40 பிராஞ்ச் என்றால், பிராஞ்ச் நடுவிலிருந்து இரு பக்கமும் 102 மி.மீ. இரண்டு பிராஞ்சுகளின் மண்டலங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறினால், நடுக்கோட்டுத் தூரம் அவற்றின் சராசரி விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்காவது இருப்பது நல்லது. தேவையான வலுவூட்டலில் பாதியாவது அவற்றுக்கு நடுவே இருக்க வேண்டும். பிராஞ்ச் துளை ஸீமை வெட்டிக்கொண்டு போனால் அந்த வெல்டின் தரக் காரணியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஈஆர்டபிள்யூ (மின்தடையால் வெல்டு செய்த) பைப்புக்கு அது 0.85. ஸீமைத் தவிர்த்தால் அந்த இழப்பு இல்லை.

கர்த் வெல்டின் தலையிலேயே வெல்டோலெட் (கிளை இணைப்பு ஃபிட்டிங்) உட்கார வைப்பதைக் கோட் நேரடியாகத் தடுக்கவில்லை. ஆனாலும் செய்யாதீர்கள். கம்ப்ரஸர் லைனில் சின்ன விட்டக் கிளை முறிவது அநேகமாக வெல்டின் டோவில்தான், அங்கே இன்னொரு டோவையும் கொண்டு வைப்பது தேவையில்லாத வேலை.

சப்போர்ட் பேடும் வலுவூட்டும் பேடும் கர்த் வெல்டை மூடக்கூடாது. மூடித்தான் ஆக வேண்டுமென்றால் முதலில் ஆர்.டி. முடித்து, கேப்பிங்கைச் சமமாகக் கிரைண்ட் செய்து, பிறகு பேடை வையுங்கள். லீக் டெஸ்ட்டின்போது ஜாயிண்டுகள் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதால், மூடப்போகும் ஜாயிண்டை முன்பே டெஸ்ட் செய்துவிடுவது உத்தமம். வலுவூட்டும் பேடின் துளையைக் கவட்டில் போடாமல் பக்கவாட்டில் போடுங்கள்.

படி 10: விலக்குக் கேட்கும்போது என்ன எழுதுவது

"இடமில்லை, அனுமதிக்கவும்" என்று ஒரு வரி எழுதினால் திரும்பி வரும். ஐசோ நம்பர், இரண்டு ஜாயிண்ட் நம்பர், பைப் சைஸ், தடிமன், பொருள், டோவிலிருந்து டோ அளந்த தூரம், 2.5 மடங்குக் கணக்கின் விடை, லைனில் ஓடும் பொருள், வெப்பநிலை, வைப்ரேஷன் உண்டா இல்லையா, ஸ்ட்ரெஸ் ரிலீவிங் உண்டா இல்லையா, நீங்கள் தர முன்வரும் கூடுதல் சோதனை ஆகியவற்றை எழுதுங்கள். உள்வளைவில் டேப் வைத்த ஒரு போட்டோ சேருங்கள். சாதாரணத் தண்ணீர் லைனில் 45 மி.மீ. கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். ஹைட்ரஜன் லைனிலோ, ஆமீன் லைனிலோ, ரெசிப்ரோகேட்டிங் கம்ப்ரஸர் டிஸ்சார்ஜிலோ கேட்காதீர்கள், துண்டை வெட்டி எடுத்துவிட்டு நீளமாகப் போடுங்கள்.

அனுமதி வெல்டுக்கு முன்னால் வர வேண்டும். வெல்டு முடிந்த பிறகு கேட்டால் அது க்வெரி அல்ல, என்சிஆர் (விதிமீறல் அறிக்கை). அனுமதி வந்ததும் வெல்டு மேப்பில் இரண்டு ஜாயிண்டுக்கும் எதிரே அதன் எண்ணைக் குறித்துவிடுங்கள். சில வருடம் கழித்துத் தடிமன் அளக்க வரும் இன்ஸ்பெக்டர் அந்த இடத்தில் நின்று யோசிக்கும்போது, அந்தக் குறிப்பைத்தான் தேடுவார்.